எண்ணும் பெயரும்

மாட்டுங்கா ரயில் நிலைய வாசலில், காலை பத்து மணிக்கு மேல், கால் மணி நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைக் குல்லாய் அணிந்த டப்பாக்காரர்கள் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். நீண்ட மரத்தட்டில் சாப்பாட்டு டப்பாக்களை அடுக்குவார்கள். ஒவ்வொரு மூடியின் மேலும் வண்ணத்தில் தீட்டிய சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். நம் கண்ணுக்கு அது குழந்தையின் கிறுக்கல். அவர்கள் கண்ணுக்கோ அது முழு விலாசம். எந்த நிலையத்தில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலுக்குள் அடங்கியிருக்கிறது. எண் ஊமையன்று, அதைப் படிக்கத் தெரிந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

படிக்கத் தெரிந்தவன் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நான் கண்டேன். அதைச் சொல்லவும், அதற்கு நான் தேடிய சிறு மருந்தை விளக்கவுமே இக்கட்டுரை.

விடுமுறையில் இரண்டு மாதம், செம்பூரில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினி அறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அந்நிலையத்துக்குத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் கிளைகள் உண்டு. இரத்தத்தைக் கிளையில் எடுப்பார்கள். சோதனை செம்பூரில் நடக்கும். முடிவு கம்பி வழியாகக் கிளைக்குச் சென்று அங்கே அச்சாகி வரும். ஓர் இரவு 9.40 மணிக்குத் தாராவிக் கிளைக்குச் செல்லும் இணைப்பு அறுந்துவிட்டது. மாற்று இணைப்பு ஒன்று இருந்தது. ஆனால் அதைக் கையால் மாற்றிவிட வேண்டும். மாற்ற ஆள் இருந்தும் யாரும் மாற்றவில்லை. காலை ஒன்பது மணிக்குத்தான் விஷயம் வெளிப்பட்டது.

அன்று மாலை வீடு திரும்பியபோது, தாராவியில் எங்கள் சாலில் எதிர் வீட்டு அத்தை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். தட்டணுக்களின் எண்ணிக்கை தெரிந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்று சொல்ல முடியும் என டாக்டர் கூறியிருந்தாராம்.

“ஏய்யா, நீ வேல பாக்குற எடந்தானே அது? சீட்டு வரும், சீட்டு வரும்னு ராத்திரி பூரா உக்காந்திருந்தோம். கம்பி அறுந்தது ஒங்க ஆபீசுல ஒருத்தருக்குமா தெரியல?” என்று கேட்டார்.

பையன் பிழைத்துக்கொண்டான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் அத்தையின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஏனெனில், தெரியாமல் இல்லை, தெரிந்திருந்தது. அறுந்த அந்த நிமிடமே இயந்திரம் அதைச் சொல்லிவிட்டது. இரவுக் காவலில் இருந்த அண்ணாச்சி அதைத் திரையில் கண்ணாலும் கண்டார். அவர் கண்டது இதுதான்:

1.3.6.1.6.3.1.1.4.1.0 = 1.3.6.1.6.3.1.1.5.3
1.3.6.1.2.1.2.2.1.1.14 = 14
1.3.6.1.2.1.2.2.1.7.14 = 1
1.3.6.1.2.1.2.2.1.8.14 = 2

“தம்பி, எப்பவும் இப்படித்தான் எண்ணா ஓடிக்கிட்டு இருக்கும். நான் என்னத்தைக் கண்டேன்?” என்றார் அண்ணாச்சி. அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கணினி படிக்கும் எனக்கே அன்று அந்த நான்கு வரிகளின் பொருள் தெரியாது.

எண்களால் ஆன மரம்

நண்பர்களே, அந்த வரிகளை இப்போது நாம் சேர்ந்து படிப்போம்.

ஒரு நிறுவனத்தின் ஸ்விட்ச், ரௌட்டர், அச்சுப்பொறி முதலியவற்றைத் தொலைவிலிருந்து நலம் விசாரிக்க ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழியின் பெயர் எஸ்.என்.எம்.பி. வலைப்பின்னலை எளிய முறையில் மேலாண்மை செய்யும் நெறி என்று அதற்குப் பொருள் கூறலாம். அதன் முதல் வரையறை 1988-இல் வெளிவந்தது. அம்மொழியில் கேட்கத்தக்க ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்கோவை உண்டு. அதனை ஓ.ஐ.டி. என்பர், பொருளின் அடையாளம் என்பது கருத்து.

ஊரிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வருகிறது. மகாராட்டிரம், மும்பை, தாராவி, 90 அடிச் சாலை, இன்ன சால், 14-ஆம் அறை. இந்த 14 என்பதைத் தனியே எடுத்தால் பயன் இல்லை. எல்லாச் சால்களிலும் 14-ஆம் அறை உண்டு. மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கி வந்தால்தான் அது ஒரே ஒரு கதவைக் காட்டும். எண்கோவையும் இப்படியே. ஒவ்வொரு புள்ளியிலும் மரத்தின் ஒரு கிளையைத் தேர்ந்துகொண்டு இறங்குகிறோம்.

நான்காவது வரியை எடுத்துக்கொள்வோம். முதல் 1 என்பது ஐ.எஸ்.ஓ. என்னும் உலகத் தர நிர்ணய அமைப்பு. அதன் கீழ் 3, அடையாளம் தரப்பட்ட அமைப்புகள். அவற்றுள் 6, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அதன் கீழ் 1, இணையம். இணையம் அத்துறையின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததால் வந்த முகவரி இது. தாராவிச் சந்தில் இருக்கும் ஒரு ஸ்விட்ச்சின் நலத்தை விசாரிக்கவும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கை அல்லவா?

மேலும் இறங்குவோம். அடுத்த 2 மேலாண்மை. அதன் கீழ் 1, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான செய்திகளின் தொகுதி. பின்னர் செம்மை செய்யப்பட்டு ‘மிப்-2’ எனப் பெயர் பெற்றது. அதில் 2, நுழைவாய்கள். அதில் 2, நுழைவாய்களின் அட்டவணை. 1, அட்டவணையின் வரிசை. 8, அந்த நுழைவாய் இப்போது இயங்குகிறதா என்ற நிலை. கடைசி 14 என்பது பதினான்காம் எண் நுழைவாய். விடையாக வந்த 2-க்கு ‘இயங்கவில்லை’ என்பது பொருள். மூன்றாம் வரியில் 8-க்குப் பதிலாக 7 இருக்கிறது பாருங்கள். அது, நுழைவாயை எந்நிலையில் வைக்கும்படி நாம் ஆணையிட்டிருக்கிறோம் என்பது. அங்கே விடை 1. இயங்க வேண்டும் என்று ஆணை. முதல் வரி முழுச் செய்தியின் தலைப்பு. ‘லிங்க்டவுன்’, அதாவது இணைப்பு அறுந்தது என்பது.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். “பதினான்காம் நுழைவாய் இயங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள்; ஆனால் அது இயங்கவில்லை.” இயந்திரம் இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறது. நாம்தான் செவிடர்களாக இருந்தோம்.

பெயரை விட்டு எண்ணை ஏன் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இம்மொழி பிறந்த காலத்தில் கருவிகளின் நினைவகம் மிகச் சிறியது. எண் குறைந்த இடத்தில் அடங்கும். எண்ணுக்கு மொழிச் சண்டையும் இல்லை. ஆகவே, பெயர்களையெல்லாம் ‘மிப்’ எனப்படும் எழுத்துக் கோப்புகளில் எழுதி, மேலாண்மை செய்பவரின் கணினியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கருவி எண்ணை அனுப்பும். கோப்பைப் பார்த்துப் பெயரை அறிந்துகொள்வது நம் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத்தான் அந்த அலுவலகத்தில் ஒருவரும் ஏற்கவில்லை.

மரத்தில் நம்மவர் கிளைகள்

இந்த மரத்தில் நமக்கும் இடம் உண்டு. 1.3.6.1.4.1 என்ற கிளைக்குக் கீழே நிறுவனங்கள் தத்தமக்கு ஓர் எண் பெறலாம். ஐயானா என்னும் அமைப்பு அதைக் கட்டணமின்றி வழங்குகிறது. சிஸ்கோவின் எண் 9. மைக்ரோசாஃப்டின் எண் 311. இந்த வரிசையில் 2162 என்ற எண்ணைத் தேடினால் அட்வென்ட்நெட் என்ற பெயர் கிடைக்கும். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-இல் தொடங்கி, சென்னையில் பொறியாளர்களைக் கொண்டு வளர்த்த நிறுவனம் அது. 2009-இல் ஸோஹோ எனப் பெயர் மாறியது. இன்று அலுவலக மென்பொருளுக்குப் புகழ்பெற்ற அந்நிறுவனத்தின் தொடக்கத் தொழில் எது தெரியுமா? நான் மேலே விவரித்த இதே எண்களைக் கையாளும் வலைப்பின்னல் மேலாண்மை நிரல்கள்தாம்.

நாடுகளுக்கென ஒரு கிளை வேறிடத்தில் இருக்கிறது: 2.16. அதில் இந்தியாவுக்கு 356, இலங்கைக்கு 144, மலேசியாவுக்கு 458, சிங்கப்பூருக்கு 702. நம் நாட்டு மின்கையொப்பச் சான்றிதழ்களில் 2.16.356.100 என்று தொடங்கும் எண்களைக் காணலாம். ஆகவே, வலைப்பின்னல் துறைக்குப் போகாதவரும் இம்மரத்தின் நிழலில் ஒரு நாள் நிற்கத்தான் வேண்டும்.

மும்பைக்கும் இக்கதையில் பங்கு உண்டு. 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னலில், ஜுஹூவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாய் ஐ.ஐ.டி.யும் தொடக்க உறுப்பினர்கள். அம்மையத்தின் இயக்குநராக இருந்த சீனிவாசன் ரமணி 2014-இல் இணையப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15-இல்தான் திறந்துவிடப்பட்டது. அதற்கு ஆண்டுகள் முன்பே, நாம் தினந்தோறும் ரயிலில் கடந்து செல்லும் இந்நகரத்தில், சிலர் இக்கம்பிகளின் மொழியைப் பழகிக்கொண்டிருந்தனர்.

சிறு நிரல் எழுதிய கதை

எண்ணைப் பெயராக்கும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது ஒரு சிறு நிரலை, பைதான் மொழியில் எழுதத் துணிந்தேன். நூறு வரிக்குள் அடங்கும் வேலைதான். ஆயினும் அதில் நான் இடறி விழுந்த இடங்களைச் சொன்னால், அவ்வழி வருவோர் விழாமல் நடக்கலாம்.

முதல் வேலை, அகராதி சேர்ப்பது. நெட்-எஸ்.என்.எம்.பி. என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ‘எஸ்.என்.எம்.பி.-டிரான்ஸ்லேட்’ என்று ஒரு கட்டளை உண்டு. எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தரும். ஆனால் டெபியன், உபுண்டு முறைமைகளில் உரிமச் சிக்கல் காரணமாக மிப் கோப்புகளை உடன் வைப்பதில்லை. தனியே இறக்கிக்கொண்டு, அமைப்புக் கோப்பில் அவற்றைத் தடுக்கும் வரியையும் நீக்க வேண்டும். இதை அறியாமல் ஒரு முழுப் பகலைக் கழித்தேன். நிறுவனங்களின் சொந்தக் கோப்புகளை அவரவரிடமிருந்து பெற வேண்டும். ஒரு கோப்பு வேறொரு கோப்பைத் துணைக்கு அழைக்கும். துணை இல்லாவிட்டால் பாதிப் பெயரும் மீதி எண்ணுமாக நின்றுவிடும். ஒவ்வொரு வரிக்கும் அக்கட்டளையை அழைத்தால் நேரம் பிடிக்கும். ஆகவே ஒரே முறை எல்லாப் பெயர்களையும் எடுத்து, எண், பெயர் என இரு பத்தி கொண்ட அட்டவணையாகச் சேமித்துக்கொண்டேன்.

இரண்டாவது வேலை, தேடுவது. வந்த எண்கோவை முழுவதும் அட்டவணையில் இராது. ஏனெனில் கடைசியில் நுழைவாய் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முழுக் கோவையைத் தேடு. இல்லையேல் கடைசி எண்ணை வெட்டிவிட்டுத் தேடு. இல்லையேல் மேலும் ஒன்றை வெட்டு. முதலில் பொருந்துவதே மிக நீண்ட பொருத்தம். வெட்டி எடுத்தவை அதன் வால்.

இங்கேதான் என் முதல் தவறு. சோம்பலால், எண்கோவையை வெறும் எழுத்துச் சரமாகக் கொண்டு, தொடக்கம் ஒன்றாக இருந்தால் போதும் என்று எழுதிவிட்டேன். 1.3.6.1.2.1.1 என்பது கருவியைப் பற்றிய பொதுச் செய்தி. 1.3.6.1.2.1.11 என்பது எஸ்.என்.எம்.பி.யின் சொந்தக் கணக்கு. எழுத்தளவில் பார்த்தால் முன்னது பின்னதன் தொடக்கமாகவே தோன்றும்! 11-ஆம் அறைக்கு வந்த கடிதத்தை 1-ஆம் அறையில் போட்ட தபால்காரன் ஆனேன். புள்ளிக்குப் புள்ளி பிரித்து, எண்ணோடு எண்ணை ஒப்பிட்ட பிறகே அது சரியாயிற்று. வரிசைப்படுத்தும்போதும் இதே எச்சரிக்கை தேவை. எழுத்தாகக் கொண்டால் 10 என்பது 2-க்கு முன்னே வந்து நிற்கும்.

மூன்றாவது, வாலைப் படிப்பது. சில இடங்களில் வால் ஒரே எண். சில இடங்களில் 192.168.1.1 போன்ற நான்கு எண் கொண்ட முகவரியே வால். ஒற்றைச் செய்தியானால் வால் 0. எந்த அட்டவணைக்கு எத்தகைய வால் என்பதும் மிப் கோப்பிலேயே எழுதியிருக்கும்.

நான்காவது, விடையைப் பெயராக்குவது. 2 என்பதை ‘இயங்கவில்லை’ என்று மாற்ற வேண்டும். கருவி எத்தனை காலமாக விழித்திருக்கிறது என்ற விடை நூறில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் வரும். அதை நாளாகவும் மணியாகவும் பிரிக்க வேண்டும். அந்த எண் 32 இருமக் கட்டங்களுக்குள் அடங்குவதால், 497 நாளுக்குச் சற்று மேல் ஆனதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். இதை அறியாதவர், கருவி அணைந்து எழுந்தது என்று பதறுவார்கள்.

பொய்ப் பெயர்

என் பெரிய தவறு ஐந்தாவது வேலையில் நேர்ந்தது. ‘நுழைவாய் 14’ என்றால் அண்ணாச்சிக்கு என்ன புரியும்? ‘தாராவி’ என்று சொல்ல வேண்டும். ஆகவே 14 என்றால் தாராவி, 15 என்றால் மாட்டுங்கா என்று என் கைப்படவே ஒரு பட்டியல் எழுதி நிரலில் சேர்த்துவிட்டேன். திரையில் ‘தாராவிக் கிளை இணைப்பு அறுந்தது’ என்று அழகான தமிழில் வரி வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் சென்றது. ரௌட்டரில் புதிய அட்டை ஒன்றைச் செருகி, அணைத்து ஏற்றினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சோதனைக்காக மாட்டுங்காவின் கம்பியை நானே பிடுங்கினேன். திரையில், “தாராவிக் கிளை இணைப்பு அறுந்தது” என்று வந்தது! கருவி மீண்டும் எழும்போது நுழைவாய் எண்கள் மாறக்கூடும் என்பது எனக்குத் தெரியாது. புதிய அட்டையால் எண்கள் நகர்ந்துவிட்டன. என் பட்டியல் பழைய உலகத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது.

அன்று எனக்கு உடம்பு வியர்த்தது. நினைத்துப் பாருங்கள்: அது உண்மையான இரவாக இருந்திருந்தால், அண்ணாச்சி நல்ல இணைப்பை மாற்றியிருப்பார், அறுந்தது அறுந்தபடியே கிடந்திருக்கும். எண்ணைப் பார்த்தவன் “எனக்குத் தெரியாது” என்று வேறொருவரைக் கேட்பான். பொய்ப் பெயரைப் பார்த்தவனோ தெரிந்துவிட்டதாக எண்ணித் தவறான கதவைத் தட்டுவான். முன்னது அறியாமை, பின்னது ஏமாற்றம். அறியாமையினும் ஏமாற்றமே கொடியது.

திருத்தம் எளிதுதான். ஒவ்வொரு நுழைவாய்க்கும் நாமே ஒரு புனைபெயர் எழுதி வைக்கும் இடம் கருவியிலேயே உண்டு, 1.3.6.1.2.1.31.1.1.1.18 என்பது அதன் எண். கருவி அணைந்து எழுந்தாலும் அது நுழைவாயோடு நிலைத்திருக்க வேண்டும் என்பது வரையறை. மேலதிகாரியின் அனுமதியோடு அங்கே கிளைகளின் பெயரை எழுதினோம். செய்தி வந்ததும் நிரல் அந்தக் கணத்தில் கருவியையே “உன் பதினான்காம் நுழைவாயின் பெயர் என்ன?” என்று கேட்கும். அப்புனைபெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். அதற்கு நேரான தமிழ்ச் சொல் என் அட்டவணையின் மூன்றாம் பத்தியில் இருக்கும். இணைப்பு அறுந்ததால் கருவியையே அடைய முடியாமல் போனால் பெயரை ஊகிக்கக் கூடாது. எண்ணையே காட்ட வேண்டும்.

இவற்றோடு இரண்டு விதிகளை நிரலின் தலையில் எழுதி வைத்தேன். ஒன்று: பெயர் தெரியாத எண் எண்ணாகவே நிற்கட்டும். மற்றொன்று: பெயர் தெரிந்தாலும் பக்கத்தில் மூல எண்ணையும் அச்சிடு, ஐயம் வந்தால் பின்னால் வருபவன் சரிபார்த்துக்கொள்வான்.

பயிற்சி முடிய நான்கு நாள் இருக்கையில் மறுபடியும் ஓர் இரவு தாராவி இணைப்பு அறுந்தது. அப்போது நான் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் போனபோது, பதிவேட்டில் அண்ணாச்சியின் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: “10.15க்கு தாராவி போச்சு. 10.20க்கு மாத்து லைன் போட்டேன்.” நான் பெற்ற மதிப்பெண்களில் எதுவும் அந்த வரிக்கு ஈடாகாது.

நண்பர்களே, நம்மில் பலர் நாளைக்குக் கணினி அறைகளில் அமரப் போகிறவர்கள். அங்கே திரையில் ஓடும் எண்களை நாம் படித்துவிடுவோம், அதில் ஐயமில்லை. ஆனால் இரவில் அத்திரைக்கு முன் விழித்திருப்பவர் நாமல்லர். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் அண்ணாச்சிகள். அவர்கள் படித்து, உடனே கைநீட்டிச் செயற்படத்தக்க ஒரு வரியை விட்டுச் செல்வது நம் கடமை. அந்த வரி அவர்கள் மொழியில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அது மெய்யாக இருக்கட்டும்.

எதிர் வீட்டு அத்தைக்கு நான் இன்னும் இதையெல்லாம் விளக்கிச் சொல்லவில்லை. “இனிமே தெரியும் அத்தை” என்று மட்டும் சொன்னேன்.